சாவை எந்தப் பக்கம் துரத்துவது

களித் துடுப்பை இரண்டு கையாலும் பிடித்து அண்டாவின் அடிவரை இறக்கி, செலங்காட் அதைப் புரட்டிக்கொண்டிருந்தபோதுதான் ஒகுட்டு சித்தப்பா அதைச் சொன்னார்.

"ஓடை வரைக்கும் போகணும். ஒரு அடி இந்தப் பக்கமா நின்னாலும் என் அண்ணனை அனுப்பினதா ஆகாது."

துடுப்பு நின்றது. சோளக்களியில் ஒரு குமிழ் எழும்பி வெடித்து அவள் மணிக்கட்டில் தெறித்தது. துடைத்துக்கொள்ளத் தோன்றவில்லை.

தொழுவத்துப் பக்கம் ஆண்கள் ஈட்டிகளில் கொடிகளைச் சுற்றிக்கொண்டிருந்தார்கள். ஒருவன் முகத்தில் வெள்ளை மண் பூசிக்கொண்டிருந்தான். உறவுக்காரர்களின் மாடுகள் வேலிக்கு வெளியே வந்து சேர்ந்தபடி இருந்தன. முன்முற்றத்துப் பந்தலில், பெட்டிக்குள், அவள் மாமனார் ஒபியேரோ படுத்திருந்தார். நல்ல சட்டை போட்டு, கழுத்துப் பட்டன்வரை மாட்டிவிட்டிருந்தார்கள். உயிரோடு இருந்தவரை அவர் அந்தப் பட்டனைப் போட்டதே கிடையாது.

வயசான ஆண் செத்தால் லுவோ ஜனங்கள் அப்படியே கொண்டுபோய்ப் புதைத்துவிட மாட்டார்கள். சாவு வீட்டுக்குள்ளேயே எங்கோ ஒளிந்திருக்கிறது. மாடுகளை முன்னால் விட்டு, ஈட்டியும் தடியும் கொம்புமாக ஊர் எல்லைவரை கத்திக்கொண்டே ஓடி, அதை எல்லைக்கு அந்தப் பக்கம் துரத்திவிட்டு வந்தால்தான் குழியில் மண் தள்ளலாம். அந்தப் பக்கம் யார் இருக்கிறார்களோ, அது அவர்கள் பாடு.

ஓடைக்கு அந்தப் பக்கம் இருந்தது செலங்காட்டின் அப்பா வீடு.

"பாரேன், புகை பட்டாக்கூட கண்ணு கலங்க மாட்டேங்குது இந்த லாங்கோக்காரிக்கு." தட்டு கழுவிக்கொண்டிருந்த நாத்தனார் அவோர் பக்கத்திலிருந்தவளிடம் சொன்னாள். அக்கரையில் இருக்கிற கிப்சிகிஸ் ஆட்களை லுவோக்கள் அப்படித்தான் சொல்வார்கள்.

"அவங்க ஊர்ல கண்ணீரையும் மாட்டுக்கே வெச்சிடுவாங்க போல."

"எங்க அப்பா கடைசியா கையைப் பிடிச்சது இவ கையைத்தான். ஒரு ஒப்பாரி வெக்கக்கூடவா தெரியாது?"

இருவரும் குரலைத் தாழ்த்தவில்லை. தாழ்த்த வேண்டியதில்லை என்று நினைத்தார்கள். செலங்காட்டுக்கு லுவோ பாஷை தெரியாது என்பது அந்த வீட்டில் முடிவான விஷயம். வந்த புதிதில் ஒருநாள் கிணற்றடியில் ஒரு வாக்கியம் சொல்லிப் பார்த்தாள். பெண்கள் குடத்தைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்கள். அன்றோடு வாயை மூடியவள்தான். காது மட்டும் திறந்தே இருந்தது. புருஷன் ஒகேயோவோடு சந்தைப் பாஷையான சுவாஹிலியில் பேசிக்கொள்வாள். மாமியார் பெரெஸுக்கு சுவாஹிலியும் வராது. இரண்டு பேரும் கையால், கண்ணால், அடுப்பில் விறகை நகர்த்துகிற சத்தத்தால் குடும்பம் நடத்தினார்கள்.

மாமனார் மட்டும் வேறு மாதிரி. மாட்டுச்சந்தையில் பொறுக்கிய பத்துப் பதினைந்து கிப்சிகிஸ் வார்த்தைகளை வைத்துக்கொண்டு அவளிடம் தைரியமாகப் பேசுவார். அதில் பாதி மாட்டின் பல்லைப் பற்றியது. "பல் நல்லா இருக்கா?" என்றுதான் காலையில் விசாரிப்பார். அவளும் இருக்கிறது என்பாள். சுரைக்குடுக்கையில் கரி தேய்த்து அவள் புளிக்கவைக்கிற பாலைக் குதிருக்குப் பின்னால் நின்று குடித்துவிட்டு, வாயைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு, ஒன்றும் நடக்காதது மாதிரி முன்வாசலுக்குப் போவார். பெரெஸ் வேண்டுமென்றே அந்த நேரத்தில் குதிர்ப் பக்கம் வராமல் இருந்தாள் என்பது செலங்காட்டுக்குப் பிறகுதான் புரிந்தது.

அவர் போன காலையில் அவள் வாயைக் கையால் பொத்திக்கொண்டு அவர் கால்மாட்டில் உட்கார்ந்திருந்தாள். அவள் ஊரில் சாவுக்குச் சத்தம் கிடையாது. ஊர் முழுக்க வந்து உட்காரும், ஒரு ஈ பறப்பது கேட்கும். இங்கே ஒவ்வொருத்தியும் வாசலிலிருந்தே தலையில் கைவைத்து அலறிக்கொண்டு ஓடிவந்தபோது அவளுக்குக் குரல் எழும்பவில்லை. எழுப்பிப் பார்த்தாள். வரவில்லை.

இப்போது அது பெரிய கவலையாக இல்லை. ஓடைதான் கவலை.

துடுப்பைப் பக்கத்திலிருந்தவளிடம் கொடுத்துவிட்டு ஒகேயோவைத் தேடிப் போனாள். அவன் தொழுவத்துக்குப் பின்னால் ஒரு காளைக்குக் கயிறு மாற்றிக்கொண்டிருந்தான். தூங்காத கண்.

"ஓடைக்குப் போக வேண்டாம்னு சொல்லு."

"யார்கிட்ட? சித்தப்பாகிட்டயா? என்னையும் சேர்த்துப் புதைச்சிடுவார்."

"பள்ளிக்கூட மைதானம் வரைக்கும் போகட்டும். அதுவும் எல்லைதானே?"

"செலங்காட், பள்ளிக்கூடத்தோட நின்னா, ஒபியேரோவைப் பச்சைக் குழந்தை மாதிரி பொதைச்சாங்கன்னு சொல்வாங்க. நான் செத்த பிறகும் சொல்வாங்க."

"அக்கரையில மாடு காணாம போச்சுல்ல, அதுலேருந்து பசங்க அத்திமரத்தடியிலயே உக்காந்திருக்காங்க. வில்லோட. என் தம்பியும் அங்கதான் இருக்கான். நீங்க மண்ணைப் பூசிக்கிட்டு, ஈட்டியைத் தூக்கிக்கிட்டு, மாட்டை விரட்டிக்கிட்டுப் போனா அவங்க என்ன நினைப்பாங்க?"

ஒகேயோ கயிற்றை முடிந்தான். அவிழ்த்தான். திரும்ப முடிந்தான்.

"சாவுன்னு அவங்களுக்குத் தெரியாதா?"

"எங்க ஊர்ல சாவுக்கு யாரும் ஓட மாட்டாங்க."

"நான் சொன்னா, பொண்டாட்டி ஊருக்குப் பயந்துட்டான்னு பேசுவாங்க."

"அப்ப நான் அவங்களுக்குப் போன் பண்ணிச் சொல்றேன்."

"உன்னை வேவுக்காரின்னு சொல்வாங்க. அது இன்னும் மோசம்." அவன் அவளைப் பார்த்தான். "பண்ணாதேன்னு நான் சொல்லல. நான் ஒண்ணும் கேக்கல, அவ்வளவுதான்."

காளையை ஓட்டிக்கொண்டு போய்விட்டான்.

அவள் குதிருக்குப் பின்னால் போனாள். தம்பி கிப்யேகோ உடனே எடுத்தான். காற்றுச் சத்தம், ஆம்பளைக் குரல்கள்.

"அக்கா, மெதுவா பேசு. மரத்தடியில இருக்கேன்."

"யாரெல்லாம் இருக்காங்க?"

"யார் இல்லன்னு கேளு. நேத்துலேருந்து உங்க பக்கம் கொம்பு ஊதுறாங்க, மாடு சேக்குறாங்க. மேல் ஊர்லேருந்தெல்லாம் ஆள் வந்துட்டாங்க. சுன்னத்துக் கத்தி படாத பயலுங்க இன்னிக்கு வந்து பாக்கட்டும்னு இருக்காங்க."

"அது சாவு, கிப்யேகோ. என் மாமனார் போயிட்டார்."

"பால் கேப்பார்னு சொல்வியே, அவரா?"

"அவர்தான்."

"அடடா. சரி, சாவுக்கு எதுக்கு கொம்பு?"

சொன்னாள். மாடு, ஈட்டி, ஓட்டம், எல்லாம். சொல்லச் சொல்ல அவளுக்கே அது சண்டைக்குப் புறப்படுகிற மாதிரித்தான் கேட்டது.

"ஈட்டியோட கத்திக்கிட்டு எங்க பக்கம் ஓடி வருவாங்க. அதை நாங்க அழுகைன்னு எடுத்துக்கணும்."

"ஆமா."

"நீயே இங்க நின்னா நம்புவியா?"

"அப்பாகிட்ட குடு."

"உன் பேரைச் சொன்னாலே மனுஷன் முக்காலியைத் திருப்பிப் போட்டுக்கிறார்."

"காதுல வை. அவர் பேச வேண்டாம்."

ஏதோ உரசுகிற சத்தம். பிறகு மூச்சு. அப்பாவின் மூச்சுதானா, தம்பி போனைச் சும்மா தூக்கிப் பிடித்திருக்கிறானா, தெரியவில்லை. வீட்டைவிட்டு வந்ததிலிருந்து அவள் அந்தக் குரலைக் கேட்டதில்லை. அந்தப் பக்கம் போனவள் அந்தப் பக்கமே இருக்கட்டும் என்பதுதான் அவர் கடைசியாகச் சொன்னது.

"அப்பா, நான்தான். எங்க வீட்டுப் பெரியவர் போயிட்டார். இங்க உள்ளவங்க மாட்டை ஓட்டிக்கிட்டு ஓடை வரைக்கும் வருவாங்க. தண்ணியைத் தாண்ட மாட்டாங்க. சாவை விரட்டத்தான் வராங்க. உங்களை இல்ல. என்னை நல்லா வெச்சிருந்தார்ப்பா அவர்."

தொடர்பு அறுந்தது. சிக்னலா, விரலா, அதுவும் தெரியவில்லை.

திரும்பினால் அவோர் நின்றுகொண்டிருந்தாள், கையில் கழுவாத தட்டோடு.

"சித்தப்பா. இங்க வாங்க. அவங்க பாஷையில சேதி போகுது."

பத்துப் பேர் வந்துவிட்டார்கள். வெள்ளை மண் பூசிய முகங்களைக் கிட்டத்தில் பார்க்க அவளுக்கே பயமாக இருந்தது. தினமும் காலையில் வணக்கம் சொல்கிற முகங்கள்தான். ஒகுட்டு சுவாஹிலியில் கேட்டார்.

"என்ன சொன்ன அவங்ககிட்ட?"

"நீங்க வரீங்கன்னு சொன்னேன்."

கூட்டம் கொதித்தது. ஒகேயோ நடுவில் புகுந்தான். "முழுசா கேளுங்க சித்தப்பா."

"சாவுக்கு வரீங்கன்னு சொன்னேன். சண்டைக்கு இல்லன்னு சொன்னேன்."

"உன்னை யாரு கேட்டா? மரத்தடியில ஆளைச் சேத்து வெக்கவா?"

"ஆள் நேத்தே சேந்தாச்சு. உங்க கொம்புச் சத்தம் கேட்டு."

அப்போது வீட்டுக்குள்ளிருந்து பெரெஸ் வந்தாள். புருஷனுடைய கறுப்புக் கோட்டைப் போட்டுக்கொண்டிருந்தாள். புருஷன் போனால் பெண்டாட்டி அவன் சட்டையைப் போட்டுக்கொள்வது அங்கே வழக்கம். கோட்டு முழங்காலுக்குக் கீழே தொங்கியது. ஆண்கள் வழிவிட்டார்கள். ஒகேயோ அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னான். ஒகுட்டு இடையில் திருத்தினார். அவோர் இரண்டு பேரையும் திருத்தினாள்.

பெரெஸ் யாரையும் பார்க்கவில்லை. மருமகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பயமா இருக்கா?" என்றாள், லுவோவில், தனக்குத்தானே பேசிக்கொள்வது போல.

செலங்காட் தலையாட்டிவிட்டாள். ஆட்டிய பிறகுதான் என்ன செய்தோம் என்று தெரிந்தது.

பெரெஸின் கண் சுருங்கியது. "அப்ப உனக்குப் புரியுது."

"இத்தனை நாளும் நான் பேசினதெல்லாம் புரிஞ்சுதா?"

"பாதி, அத்தை," என்றாள் செலங்காட், லுவோவில். குரல் அவளுக்கே கேட்கவில்லை.

"எந்தப் பாதி?"

"திட்டுற பாதி."

பின்னால் யாரோ களுக்கென்று சிரித்து இருமலாக மாற்றிக்கொண்டான். அவோர் தட்டைக் கீழே வைத்தாள். அவள் மனதுக்குள் மூன்று வருஷத்துப் பேச்சு ஓடியிருக்க வேண்டும். முகம் மெல்ல மாறியது.

"ஓடைக்குப் போகணும்," என்றாள் பெரெஸ் ஆண்களிடம். "அவர் என்ன, பள்ளிக்கூடத்துப் பையனா? ஆனா அவர் காளையை இவ ஓட்டட்டும். எல்லாருக்கும் முன்னாடி."

"மருமக முன்னாடி ஓடற வழக்கம் எங்க இருக்கு அண்ணி?" என்றார் ஒகுட்டு.

"சம்பந்தி வீட்டு ஆளுங்க அக்கரையில வில்லோட நிக்கிற வழக்கம் மட்டும் எங்க இருக்கு?"

ஒகுட்டு தொழுவத்துப் பக்கம் கையைக் காட்டினார்.

செலங்காட்டின் கையில் ஒரு தழைக்கொத்தைக் கொடுத்தார்கள். ஒபியேரோவின் செவலைக் காளையைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். அதன் முதுகில் கைவைத்தபோது அவளுக்கு ஒரு எண்ணம் வந்தது. தன்னை முன்னால் விடுவது மருமகள் என்பதாலா, அம்பு வந்தால் முதலில் வாங்க ஒரு ஆள் வேண்டும் என்பதாலா? பெரெஸின் முகத்தைப் பார்த்தாள். அதில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. அழுது அழுது வீங்கியிருந்தது, அவ்வளவுதான்.

கொம்பு ஊதினார்கள். கூட்டம் கிளம்பியது.

கள்ளிவேலியைத் தாண்டியதும் காளை தானே ஓட ஆரம்பித்தது. பின்னால் நூறு மாட்டின் குளம்பு, விசில், ஈட்டிகள் தடிகளில் மோதுகிற ஓசை, பெண்களின் அலறல். தூசி அவளையும் தாண்டி முன்னால் போனது. பள்ளிக்கூடம் வந்தது, போனது. கரும்புக் கொல்லை வந்தது. அங்கிருந்து சரிவு. சரிவின் அடியில் ஓடை.

யாரோ அவள் மணிக்கட்டைப் பிடித்தார்கள்.

பெரெஸ். முழங்கால் வலிக்காரி. சந்தைக்கே பைக்கில்தான் போவாள். கோட்டின் கீழ் நுனியை ஒரு கையில் சுருட்டிப் பிடித்துக்கொண்டு, வாயால் மூச்சு வாங்கிக்கொண்டு, பக்கத்தில் ஓடிவந்துகொண்டிருந்தாள்.

"அம்மா, நீ வேண்டாம், நில்லு," என்று எங்கேயோ ஒகேயோ கத்தினான்.

"ஓடு," என்றாள் பெரெஸ் மருமகளிடம்.

பிடி வலித்தது. செலங்காட் கையை உருவிக்கொள்ளவில்லை. அம்பைப் பற்றிய அந்த எண்ணம் திரும்ப வரவில்லை.

கரையில் காளை தானாக நின்றது. பின்னால் வந்த மாடுகள் இரண்டு பக்கமும் பிரிந்து தாகத்தோடு தண்ணீரில் இறங்கின. ஆட்கள் வந்து வந்து நின்றார்கள். கத்தல் ஒவ்வொரு குரலாக அறுந்தது.

அக்கரையில் அத்திமரத்தடியிலிருந்து வளைவு வரைக்கும் ஆண்கள். கம்பளிப் போர்வை போட்டவர்கள், பனியன் போட்டவர்கள், மழைக்கோட்டு போட்டவர்கள். ஒருவரும் அசையவில்லை. ஒரு சத்தம் இல்லை.

"ஏண்டா பேச மாட்டேங்கறானுங்க?" என்றான் ஒருவன் பின்னாலிருந்து.

"பதுங்குறானுங்க. பாஞ்சு வரப்போறானுங்க."

"கையில என்னமோ இருக்கு."

ஒகுட்டு முன்னால் வந்தார். வழக்கப்படி அவர் இப்போது ஈட்டியை அக்கரையைப் பார்த்து ஓங்கிக் குத்தி, சாவே போ என்று கத்த வேண்டும். தூக்கினார். குத்தினால் என்ன ஆகும் என்று அங்கே நின்ற எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

செலங்காட் கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தாள். விற்கள் மரத்தடியில் புல்மேல் குவிந்து கிடந்தன. நாண் அவிழ்த்திருந்தது. அவர்கள் கையில் இருந்தது பிடுங்கிய பசும்புல். அதைச் சமாதானத்துக்கு மட்டும்தான் பிடுங்குவார்கள். வரிசையின் நடுவில், தொப்பியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, உள்ளங்கையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றவர் அராப் தொனுய். அவள் அப்பா.

அந்த மௌனத்தை அவளுக்குத் தெரியும். அதற்குள் பிறந்து வளர்ந்தவள்.

"குத்தாதீங்க," என்று கத்தினாள், லுவோவில். இத்தனை பேருக்கு நடுவில், அந்தக் கோணல் உச்சரிப்போடு. "அவங்க அழறாங்க."

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள்.

"யாரு அழறா?"

"அவங்கதான். எங்க ஊர்ல இப்படித்தான் அழுவோம்."

ஒகுட்டு ஈட்டியைத் தலைக்குமேல் வைத்துக்கொண்டே அக்கரையை ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை பார்த்தார்.

"இதா அழுகை?" என்றான் பின்னாலிருந்தவன். "எங்க வீட்டுல சோறு லேட்டானா நான் இதைவிட அதிகமா அழுவேனே."

"அக்கா," என்று அக்கரையிலிருந்து கிப்யேகோ கூப்பிட்டான். "என்ன சொல்றாங்க?"

"நீங்க அழறது பத்தலையாம்."

"அவங்க அழுததுல நாங்க ராத்திரி தூங்கல, அதையும் சொல்லு."

சொன்னாள். இக்கரையில் சிரிப்பு பரவியது, முதலில் பயந்து, பிறகு கொஞ்சம் தாராளமாக. அவோர்கூட வாயில் துணியை வைத்துக்கொண்டாள். ஏன் சிரிக்கிறார்கள் என்று தெரியாமலே அக்கரையிலும் சிலர் சிரித்தார்கள்.

ஆனால் ஒகுட்டு சிரிக்கவில்லை. ஈட்டி இன்னும் மேலேயே இருந்தது.

"அந்தப் பெரியவர் என்ன யோசிக்கிறார்?" என்று கேட்டது ஒரு குரல். அவளுக்கு ஒரு கணம் புரியவில்லை. அப்பாதான். அவளைப் பார்த்துத்தான் கேட்டார்.

"சாவை உங்க பக்கம் துரத்தணும்ப்பா. அதுதான் இவங்க வழக்கம். இப்ப எப்படித் துரத்துறதுன்னு பாக்குறார்."

அராப் தொனுய் ஈட்டியைப் பார்த்தார். அவருக்கு இது நியாயமான சிக்கலாகவே பட்டது போலிருந்தது.

"இங்க வேண்டாம்னு சொல்லு. எங்ககிட்ட இருக்கறதே போதும்."

சொன்னாள்.

"நியாயம்தான்," என்றார் ஒகுட்டு. "ஆனா வேற எங்க விடறது? திரும்ப வீட்டுக்கா கூட்டிக்கிட்டுப் போறது? கேட்டுச் சொல்லு."

கேட்டாள். அக்கரையில் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். மேற்கே காட்டில் விடலாம் என்றான் ஒருவன். அது எங்க மேய்ச்சல் நிலம் என்றான் இக்கரையில் ஒருவன், சுவாஹிலியில். போலீஸ் குடியிருப்புப் பக்கம் விட்டுடலாம், அவங்ககிட்ட துப்பாக்கி இருக்கு என்று கிப்யேகோ சுவாஹிலியிலேயே சொன்னதை மொழிபெயர்க்கவே வேண்டியிருக்கவில்லை. செலங்காட் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பித் திரும்பிச் சொல்லி, இருமுறை லுவோவை அப்பாவிடமும் கிப்சிகிஸை சித்தப்பாவிடமும் பேசிவிட்டாள்.

பெரெஸுக்குப் பொறுமை போய்விட்டது. மருமகள் கையை விட்டுவிட்டு அப்படியே ஓடையில் இறங்கினாள். கோட்டு தண்ணீரில் விரிந்தது.

"தண்ணி எங்க போகுது?" என்று கொழுந்தனைக் கேட்டாள்.

"ஏரிக்கு."

"ஏரி பெருசா, சின்னதா?"

"பெருசு அண்ணி."

"அப்ப அங்க போகட்டும். கையைக் கீழ இறக்கு, விழுந்துடப் போற."

ஒகுட்டு திரும்பினார். ஓடை போகிற திசையைப் பார்த்து ஈட்டியை ஓங்கித் தண்ணீரில் குத்தினார். போ, என்றார். கூட்டம் முழுக்க அதைச் சொன்னது. கொம்பு ஊதியது, பெண்கள் அலறினார்கள். அக்கரையில் ஒருவரும் குரல் கொடுக்கவில்லை. கையிலிருந்த புல்லை ஒவ்வொருவராக ஓடையில் எறிந்தார்கள். அது பச்சையாகச் சுழன்று கீழே போனது.

திரும்பிக் கரையேறுகையில் பெரெஸின் முழங்கால் மடங்கியது. சறுக்கினாள். செலங்காட் பாய்வதற்குள் அந்தப் பக்கத்திலிருந்து ஒருவர் இறங்கி அவள் முழங்கையைப் பிடித்துவிட்டார். பிடித்து நிறுத்தி, தூக்கி, இக்கரை மேட்டில் உட்காரவைத்துவிட்டுத்தான் அராப் தொனுய் தான் எங்கே நிற்கிறோம் என்று பார்த்தார். கால்சட்டை தொடைவரை நனைந்திருந்தது.

மகள் எதிரில் நின்றாள். அவர் அவளை மேலும் கீழும் பார்த்தார்.

"மெலிஞ்சிட்ட."

"இல்லப்பா."

"மெலிஞ்சிருக்க," என்றார். தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டார். ஓடைக்குள் இரண்டு ஊர் மாடுகளும் கலந்து நின்றன. அதைப் பிரித்தெடுக்கவே இரு பக்கத்து ஆட்களும் தண்ணீரில் இறங்கி வெகுநேரம் கத்த வேண்டியிருந்தது.

அடக்கம் முடியும்வரை அராப் தொனுய் இருந்தார். கள்ளிவேலிக்கு உள்ளே வரவில்லை. பிணத்தின் பக்கம் போகிற வழக்கம் அவருக்கு இல்லை. ஒகுட்டு வேலிக்கு வெளியே ஒரு நாற்காலி போட்டுவிட்டு, சற்று யோசித்து, தனக்கும் ஒன்று கொண்டுபோய்ப் போட்டுக்கொண்டார். குழியருகே செலங்காட் மண் விழுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு, வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். அவோர் அழுது தொண்டை கட்டிப்போய்ப் பக்கத்தில் வந்து நின்றாள்.

"இப்ப நீ அழறியா?" என்றாள் கரகரத்த குரலில்.

"ஆமா."

"சரி," என்றாள் அவோர். அங்கேயே நின்றாள்.

வெயில் சாய்ந்து, வந்தவர்கள் போய், அக்கரைக்காரர்களும் ஓடையைத் தாண்டிப் போன பிறகு, பெரெஸ் வீட்டுக்குப் பின்னால் வந்து கோட்டைக் கழற்றினாள்.

"அம்மா, அதைக் கழட்டக் கூடாது," என்றாள் அவோர் ஜன்னலிலிருந்து.

"ஈரத்தோட போட்டுக்கிட்டு நான் காய்ச்சல்ல போனா மாடு ஓட்ட நீ வருவியா? அந்தக் கொடியில இடம் பண்ணு."

கோட்டு கனத்தது. பெரெஸ் அதன் ஒரு கையைப் பிடித்துக்கொண்டு மறுகையைச் செலங்காட்டிடம் நீட்டினாள். இருவரும் தள்ளி நின்று முறுக்கினார்கள். இருவரும் ஒரே பக்கமாக முறுக்கியதால் கோட்டு சும்மா உருண்டது. ஒரு சொட்டு வரவில்லை. பெரெஸ் உச்சுக்கொட்டிவிட்டு, விரலைக் காற்றில் சுற்றிக் காட்டினாள். செலங்காட் பிடியை மாற்றிக்கொண்டு அடுத்த பக்கமாகத் திருப்பினாள்.

துணி இறுகியது. நடுவிலிருந்து தண்ணீர் கொட்டி இருவர் காலுக்கும் இடையில் மண்ணில் ஓடியது. நின்றது. மறுபடி முறுக்கினார்கள்.